சொல்வதா, சுமப்பதா: மனைவிக்குத் துரோகம் செய்தவன் எடைபோட்ட வழிகள்

கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. குடும்பம் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், கம்பத்தில் இருக்கிறது. காலையில் லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் பேருந்தில் போய், இரவு அதே வளைவுகளில் இறங்கி வருகிற வாழ்க்கை 14 ஆண்டுகளாக நடக்கிறது. எல்லைக்கு மேலே ஒருவனாகவும் கீழே இன்னொருவனாகவும் இருப்பதற்கு இந்தப் பாதை நன்றாகவே இடங்கொடுக்கும். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு ஏழு மாதங்கள் என் மனைவிக்குத் தெரியாமல் வேறொருவருடன் உறவில் இருந்தேன். அது எப்படித் தொடங்கியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதில் இன்னொருவருடைய வாழ்க்கையும் மானமும் அடங்கியிருக்கின்றன. உறவை முடித்துக்கொண்ட பிறகு இனி என்ன செய்வது என்று ஓராண்டுக்குமேல் குழம்பினேன். அந்தக் குழப்பத்தில் என் முன்னால் கிடந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததையே எழுதுகிறேன்.

எல்லா வழிகளையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோட்டேன். இந்த வழியில் போனால் பாரம் யார் தோளில் ஏறும் என்பது ஒன்று. இதைக் கட்டிக்காக்க இன்னும் எத்தனை பொய்கள் தேவைப்படும் என்பது மற்றொன்று. என் மனம் எப்போது நிம்மதியடையும் என்ற கேள்வியே முதலில் என்னிடம் இருந்தது. அதைத் தள்ளிவைக்கப் பல மாதங்கள் பிடித்தன.

முதல் வழி, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவது. உறவு முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியாது, இனி ஒழுங்காக இருந்தால் போதும் என்று நெருங்கியவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. என் மனைவி என் தாய்மாமன் மகள். எங்கள் வீட்டில் ஒரு சொல் வெளியே வந்தால் அது கணவன் மனைவி என்ற இரண்டு பேரோடு நிற்காது. என் அம்மாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் இடையில் போய் நிற்கும், எழுபது வயதைக் கடந்த இரண்டு பேர் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்காமல் சாக நேரிடும். இதையெல்லாம் நினைத்தால் வாயை மூடிக்கொள்வதே பெருந்தன்மை என்று தோன்றும். முதல் கேள்விக்கு இந்த வழி நல்ல பதிலையே தருகிறது: பாரம் என் தோளிலேயே இருக்கிறது.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இது தோற்றுப்போகிறது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைக் கணக்கில் அனாமத்து என்று போட்டுவைப்போம். அது தவறன்று, ஆண்டு முடிவதற்குள் அதற்கு உரிய தலைப்பைக் கண்டுபிடித்து மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் அடுத்த ஆண்டுக் கணக்கையும் அது கெடுக்கும். என் மௌனம் அப்படித்தான் ஆயிற்று. பழைய அழைப்புகள் இருந்த சிம் அட்டையை மாற்றியதற்கு ஒரு காரணம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதை நிறுத்தியதற்கு இன்னொரு காரணம் சொன்னேன். திடீரென்று வீட்டில் அதிக அன்பாக நடந்துகொண்டதற்கு மனைவி காரணம் கேட்டபோது அதற்கும் ஒன்று சொன்னேன். முடிந்துபோன உறவுக்காக முடியாத பொய்களைப் பேசிக்கொண்டிருந்தேன்.

இதில் உடல் சார்ந்த உண்மை ஒன்றும் இருக்கிறது. மௌனத்தைப் பரிந்துரைக்கும் நண்பர்கள் இதைப் பேசுவதேயில்லை. வேறொருவருடன் உடலுறவு கொண்டவன் மனைவியோடும் வாழ்கிறான் என்றால் அவனுடைய இரகசியம் மனைவியின் இரத்தத்தையும் தொடுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்றும் கேரளத்தில் ஜோதிஸ் என்றும் பெயர் பெற்ற இடங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு, துணைக்குத் தொற்றும் ஆபத்து போன்ற சில சூழல்களைத் தவிர, நம் சம்மதமில்லாமல் முடிவை வெளியிட முடியாது. தொற்று ஏற்பட்ட உடனே எடுக்கும் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், மஞ்சள்காமாலை பி ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பத்தில் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து நான் மலைக்கு மேலேதான் பரிசோதனைக்குப் போனேன். அதற்குக்கூட எல்லையை ஒரு மறைப்பாகப் பயன்படுத்தினேன் என்பது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. மௌனமாக இருப்பது என்று ஒருவர் முடிவெடுத்தாலும், பரிசோதனை முடியும்வரை மனைவியிடமிருந்து விலகியிருப்பது அந்த முடிவில் அடங்கியே தீர வேண்டும். அந்த விலகலுக்கும் ஒரு பொய்தான் வேண்டியிருந்தது.

அந்தப் பொய்யை நான் தேடவில்லை. கார்த்திகை மாதம் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டாவது வழி என்று நான் எண்ணியது பரிகாரம். வண்டிப்பெரியாறு, எருமேலி வழியாகச் சபரிமலைக்குப் போகும் கூட்டம் கார்த்திகை பிறந்ததும் குமுளியை நிறைத்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளில் விடியவிடிய எண்ணெய் காயும். நானும் மாலை போட்டுக்கொண்டேன். 41 நாள் விரதம், தனிப்பாய், குளிர்ந்த நீரில் இரண்டு வேளைக் குளியல். பாவத்தைக் கழுவுகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். ஆனால் மாலை போட்டவனை வீட்டில் யாரும் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைப்பதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "சாமி, இட்லி எடுத்து வைக்கட்டுமா?" என்று என் மனைவி கேட்பாள். மகளும் என்னைச் சாமி என்றே அழைத்தாள். 41 நாளும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன். விரதத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை; பலரை அது நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் தவறு இழைக்கப்பட்டவளையே நான்கு மணிக்கு எழுப்பி எனக்காக உழைக்க வைத்த பரிகாரத்தை நான் எந்தத் தலைப்பில் எழுதுவேன்? இரண்டு கேள்விகளிலும் தோற்ற வழி இது ஒன்றுதான்.

மூன்றாவது வழி, மனைவியிடம் சொல்வதற்கு முன் வெளியார் ஒருவரிடம் சொல்வது. என்னோடு வேலை பார்க்கும் மலையாளி நண்பர் கத்தோலிக்கர்; மனத்தில் பாரம் ஏறினால் கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் கும்பசாரம் செய்துவிட்டு வருவார். அங்கே கேட்டதைப் பாதிரியார் எந்நிலையிலும் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் திருச்சபையை விட்டே அவர் விலக்கப்படுவார். அந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னைப் போன்றவனுக்கு இருப்பது நண்பனும் டீக்கடையும். டீக்கடையில் சொன்ன இரகசியம் கூடலூரைத் தாண்டுவதற்கு அரைநாள் போதும்.

ஆலோசகர் என்பவர் இந்த இடத்தில்தான் பயன்படுகிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களைத் தவிர, சொன்னதை இரகசியமாகக் காக்க மனநல வல்லுநர்களைக் கட்டுப்படுத்துகிறது. நேரில் போகக் கூசுபவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்த நேரத்திலும், மொழியைத் தேர்ந்துகொண்டு பேசலாம். நான் முதலில் தொலைபேசியிலும் பின்பு நேரிலுமாகப் பேசினேன். எதிர்பார்த்தது ஆறுதல், கிடைத்தது கேள்விகள். "நீங்கள் சொல்ல விரும்புவது அவருக்காகவா, உங்களுக்குத் தூக்கம் வருவதற்காகவா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இந்த வழி ஒரு முடிவு ஆகாது. பேருந்து மாறுவதற்கு இறங்கி நிற்கும் நிறுத்தம் போன்றது. அங்கேயே தங்கிவிட்டால் மனைவிக்குத் தெரியாததை அறிந்த இன்னோர் ஆள் உருவாகிவிட்டார் என்பதுதான் மிச்சம்.

நான் யார் என்ற கேள்வியையும் அங்கேதான் முதன்முதலாக நேராகப் பார்த்தேன். அதுவரை இரண்டு பதில்களுக்கு இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தேன். சில நாள் "நான் அப்படிப்பட்டவன் அல்லன், ஏதோ நடந்துவிட்டது" என்பேன்; சில நாள் "நான் துரோகி, என்னிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்" என்பேன். இரண்டுமே தப்பிக்கும் வழிகள். முதலாவது செய்ததை மறுக்கிறது. இரண்டாவது இனிச் செய்ய வேண்டியதை மறுக்கிறது. குற்றவுணர்வு வேறு, அவமானம் வேறு என்று மனநல வல்லுநர்கள் பிரிப்பது இதனால்தான்: செய்தது தவறு என்கிற குற்றவுணர்வு மனிதனைச் சரிசெய்யத் தூண்டுகிறது, நானே தவறு என்கிற அவமானம் ஒளிந்துகொள்ளத் தூண்டுகிறது.

பள்ளியில் படித்த இலக்கணம் எனக்கு எதிர்பாராமல் இங்கே கைகொடுத்தது. துரோகி என்பது காலம் காட்டாத பெயர். நேற்றும் இன்றும் நாளையும் அதுவே. செய்தவன் என்பது வினையாலணையும் பெயர். ஆளையும் குறிக்கிறது, இறந்தகாலத்தையும் காட்டுகிறது. துரோகம் செய்தவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் செயலும் என்னுடையதாகிறது, செய்த காலமும் மறைவதில்லை, இனிச் செய்யப்போவதற்கும் இடம் இருக்கிறது. தமிழாசிரியர் இதைத் தேர்வுக்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். இப்படிப் பயன்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நான்காவது வழி, விலகிப்போவது. "உனக்கு நான் தகுதியில்லாதவன்" என்று சொல்லிவிட்டுத் தனியே போய்விடுவது. தியாகம் போல ஒலிக்கும் இந்த வழி எனக்குக் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. ஆனால் காரணம் சொல்லாமல் விலகினால், தான் என்ன தவறு செய்தோம் என்று அவள் ஆயுள் முழுதும் தேடிக்கொண்டிருப்பாள். காரணம் சொல்லிவிட்டு விலகினால், இருப்பதா போவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடமிருந்து பறிபோகிறது. பிரிவு தேவைப்படலாம், அதை அறிவிக்க வேண்டியவன் நானல்லன்.

சட்டத்தையும் விசாரித்துவைத்தேன், ஏனென்றால் இதில் ஊரில் உலவும் செய்திகள் பெரும்பாலும் தவறானவை. பிறன் மனைவியோடு உறவு கொண்ட ஆணை மட்டும் ஐந்து ஆண்டுவரை சிறைக்கு அனுப்பக்கூடியதாக இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று செல்லாது என்று அறிவித்தது. அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்திலும் தவறு செய்தவனுடைய மனைவி அதன்கீழ் புகார் கொடுக்க முடியாது. அது கணவர்களின் உடைமையைக் காத்த சட்டம். குற்றம் இல்லை என்று ஆனதால் தவறும் இல்லை என்று ஆகிவிடவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி இது மணவிலக்குக்கான காரணமாக இன்றும் நிற்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை நடந்திருந்தாலும் போதும். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் அதை மன்னித்து ஏற்றுக்கொண்டிருந்தால் பிறகு அதையே காரணமாகக் காட்ட முடியாது என்கிறது. அதாவது அவசரப்பட்டு மன்னிப்பை வாங்கிவைத்துக்கொள்வது மனைவியின் சட்ட உரிமையையும் தொடக்கூடியது. அவளுக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுச் செய்தபின் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணவன் கேரளத்தில் வேலை பார்த்தாலும் மனைவி தான் குடியிருக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும்.

இந்த ஒப்பீடு முழுவதும் ஓர் ஆணின் இடத்திலிருந்து செய்யப்பட்டது என்பதை நான் மறக்கவில்லை. இதே தவறைச் செய்த ஒரு பெண் இதே ஊரில் இதே தராசைப் பிடித்தால் முள் வேறிடத்தில் நிற்கும். நான் சொன்னால் வீட்டில் அழுகை. அவள் சொன்னால் உயிருக்கே பயம் இருக்கக்கூடும். கை நீட்டும் கணவனிடம் உண்மை பேசுவதைக் கடமை என்று யாரும் அவளுக்கு உபதேசிக்கக்கூடாது. முதலில் பாதுகாப்பு, பிறகுதான் வாய்மை. 181 என்ற மகளிர் உதவி எண் இரண்டு மாநிலங்களிலும் இயங்குகிறது. சீவனாம்சம் பறிபோய்விடும் என்று அவளை மிரட்டுபவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, முறைகேடான உறவில் "வாழ்ந்துகொண்டிருக்கும்" மனைவிக்கே சீவனாம்சத்தை மறுக்கிறது, எப்போதோ நடந்த ஒரு பிசகு அதில் அடங்காது என்றே நீதிமன்றங்கள் பொருள்கொண்டு வந்திருக்கின்றன.

ஆக, எனக்கு எஞ்சியது சொல்வது. அதிலும் இரண்டு விதம் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சொல்வதற்கும் சொல்லாமலிருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரியது. நெஞ்சு பொறுக்காமல் ஓர் இரவில் கொட்டிவிடுவது ஒரு விதம். உறவு முடிந்த மறுவாரமே அப்படிக் கொட்டிவிடப் பார்த்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்ததால் தப்பியது. அன்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவள் என்னைத் தேற்றியிருப்பாள், எனக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். பாரம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஆயத்தத்தோடு சொல்வது மற்றொரு விதம். உறவு முற்றிலும் முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும். அவள் கோபத்தில் போக நினைத்தால் போவதற்குப் பணமும் இடமும் அவளிடம் இருக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தையும் நகைச் சீட்டுகளையும் அதற்கு முந்திய வாரமே அவள் பெயரில் ஒழுங்குபடுத்தி வைத்தேன். பண்டிகை நாளாகவோ மகளின் தேர்வுக் காலமாகவோ இருக்கக்கூடாது. என்னைப் போல் கணக்கெழுதுபவன் எதையும் தாளில் எழுதிப் பார்ப்பான். சொல்ல வேண்டியதை ஐந்து வாக்கியங்களாக எழுதினேன். நடந்தது, எவ்வளவு காலம், எப்போது முடிந்தது, பரிசோதனையின் முடிவு, வேறு யாருக்குத் தெரியும். "நீ அந்தச் சமயத்தில் என்னைக் கவனிக்கவில்லை" என்று ஆறாவதாக ஒரு வாக்கியம் இருந்தது, அதை அடித்தேன். அந்தப் பெண்ணின் பெயரையும் நானாகச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுகிற ஜீப்புகளில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதை இறக்க முடியாது.

சங்கப் பாடல்களின் மருதத்திணையில் பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவன் நேரே வீட்டுக்குள் வரமாட்டான். பாணனையோ வேறொருவரையோ வாயிலாக, அதாவது தூதாக, அனுப்புவான்; தலைவி அந்தத் தூதை ஏற்காமல் வாயில் மறுப்பாள். எனக்கும் என் அக்காவை விட்டுப் பேசச் சொல்லலாமா என்று சபலம் இருந்தது. தலைவி வாயில் மறுத்தது சரி என்று பாடம் படித்தபோதே எனக்குத் தெரியும். நானே சொன்னேன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, அடுக்களை வாசலில்.

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. ஐந்து வாக்கியங்களையும் கேட்டாள். யாரிடம் இதைச் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும் என்றேன். அவள் தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள், மாமாவிடம் சொல்லவில்லை. போடியில் அக்கா வீட்டில் பதினோரு நாள் இருந்துவிட்டு, மகளின் பள்ளிக்காகத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து வேறு அறையில் படுக்கிறாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் ஆண்டுக்கு அந்த ஒருநாள் மட்டும் திறக்கும். இரண்டு மாநிலத்துக் காவலர்களும் நிற்பார்கள், எங்கள் பக்கத்தார் பளியங்குடி வழியாக நடந்து ஏறுவார்கள், குமுளியிலிருந்து ஜீப் போகும். ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தே போவோம். திரும்பி வந்தவனைக் கண்ணகி ஏற்றுக்கொண்டாள் என்று கதை சொல்பவர்கள், அந்த இரவில் அவள் என்ன நினைத்தாள் என்பதைச் சொல்வதில்லை. இந்த ஆண்டு என் மனைவி தன் அக்காவோடு நடந்து ஏறினாள்; நான் மகளோடு ஜீப்பில் போனேன்.

சில இரவுகளில் அறை வாசலில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்பாள். கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும், உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. சென்ற வாரம் கேட்டாள்:

"மாலை போட்டிருந்தீங்களே, அப்ப உங்களச் சாமி சாமின்னு கூப்பிட்டேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

சற்று நேரம் நின்றாள். பிறகு காலையில் மகளுக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அரிசியை ஊறவைக்கப் போனாள்.